எட்டாம் வேற்றுமை

பதினேழு குழுக்கள்.
ஐஸ் பிளான்ட் கணக்கு ஒன்று, ஏலக்கூடம் இரண்டு,
வார்டு, ரேஷன், மகளின் ஏழாம் வகுப்பு,
தேவனாம்பட்டினம் நண்பர்கள் பழையது,
தேவனாம்பட்டினம் நண்பர்கள் உண்மையானது.

கார்த்திகை பிறந்து எட்டு நாள்.
வங்கக்கடலில் எங்கோ ஒரு சுழி.
இன்னும் பெயர்கூட வைக்கவில்லை,
அதற்குள் என் கைப்பேசியில்
நான்கு முறை கரையைக் கடந்துவிட்டது.

எந்த நாட்டிலோ பிய்ந்த கூரை
தாழங்குடாவில் பறக்கிறது.
போன வருஷத்து முதலை
கெடிலம் பாலத்தடியில் மறுபடி வாய் பிளக்கிறது.
இருபது பேருக்கு அனுப்பாவிட்டால் பார் என்று
கடலே மிரட்டுவதுபோல் ஒருவர்.
ஒரே படகு கவிழ்வதை
ஒன்பது பேர் எனக்குக் காட்டினார்கள்,
ஒன்பதாவது ஆள் அழுதுகொண்டே.
அது நம் படகே இல்லை,
வர்ணத்தைப் பார்த்தாலே தெரியும்.

சல்லடைச் செயலி ஒன்றை இறக்கினேன்.
வேண்டாத சொல்லைக் கொடு,
அது உள்ள எதையும் உன்னிடம் விடமாட்டேன் என்றது.
வேண்டிய சொல்லைக் கேட்கவில்லை.
எழுதினேன்:
புயல்.

ஐந்து நிமிடம்.
முதுநகரில் கம்ப்ரஸர் உறுமுவது
இந்த வாரத்தில் முதல்முறை காதில் விழுந்தது.
பிறகு வந்தது:
புயலால். புயலுக்கு. புயலிலிருந்து. புயலாம்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடிபட்டது.
நான் பூட்டியது புள்ளி வைத்த எழுத்தை.
மெய்யை மட்டும்.
உயிர் வந்து ஏறிய மாத்திரத்தில்
புள்ளி உதிர்ந்து
வேறு ஆளாகிக் கதவைத் தாண்டுகிறது.
எந்த ஊர் மூளை பின்னிய சல்லடையோ,
நம் சொற்கள் வாசலில் சட்டை மாற்றும் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

ராத்திரி பத்தரைக்கு
ஐஸ் அறை வாசலில் போர்வையோடு உட்கார்ந்து
வேற்றுமை உருபு ஒப்பித்தேன்.
ஐ, புயலை. அடைத்தேன்.
ஆல், ஓடு. கு.
இன். அது.
கண் போட்டு இப்போது யாரும் எழுதுவதில்லை,
இருந்தாலும் அதற்கும் ஒரு ஆணி.
மஞ்சக்குப்பம் பள்ளியில் இதற்காக
முட்டி போட்டவள் நான்.

எட்டாவதில் நின்றேன்.
விளி.
அதற்கென்று உருபு கிடையாது,
கூப்பிடுவது, அவ்வளவுதான்.
புயலே என்று யார் கூப்பிடப்போகிறார்கள்?
விட்டுவிட்டேன்.

பதினொன்றே காலுக்கு எல்லாம் அடங்கியது.
மிஞ்சி வந்தவை:
வெங்காய விலை. ஒரு பல் டாக்டர்.
அந்நேரத்துக்கு யாரோ அனுப்பிய காலை வணக்கம்.
நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.
ஆனாலும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து
மறுபடி நிமிர்த்தினேன், மூன்று முறை.
என்ன வராமல் இருக்கிறது என்று தெரியாததும்
ஒரு சத்தம்தான்.

அப்போது கொளஞ்சியிடமிருந்து ஒன்று.
துறைமுகத்தில் இரவுக் காவல்.
எழுத மாட்டான், பேசித்தான் அனுப்புவான்.
இன்று பேசவும் இல்லை.
ஒன்பது நொடி காற்று.
கூண்டு ஏற்றும் கம்பத்தில்
கயிறு வந்து வந்து அடிக்கிறது.
தூரத்தில் யாரையோ யாரோ
ஏ என்று இழுத்து,
பெயர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சல்லடைக்கு அதில் அடைக்க ஒரு சொல்லும் இல்லை.
இது உங்களுக்குப் பயனுள்ளதா என்று
இரண்டு கட்டைவிரல்களைக் காட்டியது.

எழுந்து
தகரக் கதவின் மேல் கொக்கியையும் போட்டேன்.
லாரிக்காரரைக் கூப்பிட்டேன்,
விடியற்காலை வண்டி வேண்டாம்.
ஏன், செய்தி ஏதாவது வந்ததா என்றார்.
வரவில்லை என்றேன்.