சான்றாவணம் 114

எண் போடுவது என் வேலை. படிப்பது இல்லை.
ஆனாலும் பசை காயும்வரை
கண் சும்மா இருக்குமா.

1: படகுத்துறையின் வருகைப் பதிவேடு.
தன்யூப் தண்ணீரைக் குடித்து உப்பிப்போய்
மூட மாட்டேன் என்கிறது.

7: பயணச்சீட்டின் அடிக்கட்டைகள், முப்பத்தெட்டு.
ஆற்றிலிருந்து எடுத்ததோ நாற்பத்தொரு பேரை.
மிச்சம் மூவரைப் படகோட்டி பென்கோ
காசு வாங்காமல் ஏற்றியிருக்கிறான்.
இரக்கம்கூட இங்கே
கணக்குப் பிழையாகத்தான் வந்து சேர்கிறது.

22: ரொட்டிக் கடையின் கடன் நோட்டு.
‘மிலூஷா, இரண்டு ரொட்டி,
திரும்பி வரும்போது தருவாள்.’
நோட்டை ஒப்படைத்த கடைக்காரர்
அந்த வரியை அடித்துவிட வேண்டாம் என்று
என்னிடம் இரண்டு முறை சொல்லிப் போனார்.

40 முதல் 52 வரை தொலைபேசி நிறுவனத்தின் தாள்கள்.
யார் யாரை அழைத்தார்கள், எத்தனை நொடி.
எட்டு இருபத்தாறிலிருந்து
ஒரே எண்ணுக்கு ஒன்பது அழைப்புகள்,
பூஜ்யம் பூஜ்யம் என்று கீழே இறங்குகின்றன.

67: கால்நடை மருத்துவர் கொடுத்த சீட்டு.
எதிர்க்கரைச் சந்தைக்குப் பதினான்கு செம்மறிகள்.
விசாரணை நீதிபதி கிரோசேவா அதை
இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தார்.
ஆட்டின் எடை தெரிந்தால்
படகு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியுமாம்.
செத்த ஆடுகள் சாட்சி சொல்லிவிட்டன.
மனிதர்கள்தான் வக்கீல் வரட்டும் என்கிறார்கள்.

113: படகின் தகுதிச் சான்றிதழ்.
‘அடித்தகட்டை நேரில் தட்டிப் பார்த்தேன். உறுதியாக உள்ளது.
ஜனவரி பதினேழு, காலை பத்து மணி.’
கீழே ஆய்வாளரின் கையெழுத்து,
கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கொக்கி.
பால் வாங்கி வா என்று
எங்கள் குளிர்பெட்டியில் ஒட்டும் சீட்டிலும்
பிளமென் அதே கொக்கியைத்தான் போடுவான்.

ஜனவரி பதினேழு.
அன்று விடியற்காலை கொதிகலன் வெடித்து
சமையலறையில் கணுக்கால் மட்டும் தண்ணீர்.
அவன் வாளியோடு, நான் துடைப்பத்தோடு.
நடுவில் ஒருமுறை இருவரும்
ஈரத் தரையிலேயே உட்கார்ந்து
கல்யாணமான புதிதில்போலச் சிரித்தோம்.
அவன் அன்று முழுக்கக் காலணி மாட்டவில்லை.
குழாய்க்காரர் அஸ்பாருஹ் ஒன்பதரைக்கு வந்தார்,
ஒன்றரைக்குப் போனார்.
நான்கு மணிநேரக் கூலி, எண்பது லெவா.
‘வேலை பார்க்கும்போது உடனிருந்தேன், திருப்தி’
என்ற இடத்தில் பிளமெனின் கொக்கி.
இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று
ரசீதைக் கரண்டிகளுக்கு அடியில்
பத்திரப்படுத்தியவனும் அவன்தான்.

கணவனுக்கு எதிராக மனைவி
சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சட்டம் அப்படி.
காகிதத்துக்கு அந்த விலக்கு கிடையாது.
காகிதம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

இரவு சாப்பிடும்போது வழக்கம்போலக் கேட்டான்:
இன்றைக்கு எதுவரை வந்தீர்கள்?
நூற்றுப் பதின்மூன்று, என்றேன்.
அவன் கரண்டி சூப்பிலேயே நின்றது.
எது அந்த நூற்றுப் பதின்மூன்று என்று
அவன் கேட்கவில்லை.
ரொட்டியைப் பிய்த்தான். தின்னவில்லை.
எனக்கு மிலூஷாவின் இரண்டு ரொட்டி ஞாபகம் வந்தது,
வந்திருக்க வேண்டாம்.
இழுப்பறை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
இருவரும் அதைத் திறக்கவில்லை.
கொதிகலன் இரவெல்லாம்
ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது.

காலையில் துறைக் காவலர்
ஒரு காற்றழுத்தமானியைக் கொண்டுவந்து வைத்தார்,
முள் இன்னும் ‘புயல்’ என்ற இடத்திலேயே.
அதன் மேல் 115 என்று ஒட்டினேன்.
கிரோசேவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
தொத்கா, நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றே, என்றார்.

வீட்டில் இருக்கிறது, என்றேன்.
மதிய இடைவேளையில் எடுத்து வருகிறேன்.