அலை போட்ட எழுத்து

புந்தா அரேனாஸில் அன்று காற்று
கதவைத் திறக்கவிடவில்லை, திறந்தபின் மூடவிடவில்லை.
ஸ்கேனர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
கம்பளி ஏற்றுமதி அலுவலகத்துக்குள் நுழைந்தேன்.
எனக்கு முன்னால் நுழைந்த காற்றுக்கு
ஓவிதியோவின் மேசையிலிருந்து
பதினோரு சரக்குச் சீட்டுகள் எழுந்து நின்றன.

"இதுக்குத்தான் மெஷின் வேணும்னேன்" என்றார்,
ஒன்றை ஷூவால் மிதித்துப் பிடித்தபடி.

வலைக் கம்பியைச் செருகினேன். ஆரஞ்சு விளக்கு.
நான் கொடுத்த முகவரியில் ஏற்கெனவே
வருகைப் பதிவு இயந்திரம் குடியிருந்தது,
ஒன்பது வருஷமாக.
காலி பண்ணு என்று எப்படிச் சொல்வது?
கடைசி எண்ணை நாற்பத்தேழாக்கினேன்.
பச்சை.

இனி, பக்கங்கள் போய் விழ ஒரு கோப்புறை.
அது நெலிதா மன்சீயாவின் கணினியில் இருந்தது,
அவள் கடவுச்சொல்லுக்குள்.

"நானே அடிக்கிறேன்."
சின்னத் திரையை முதுகால் மறைத்துக் குனிந்தவள்
முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள்.
எண்கள் பக்கம், குறிகள் பக்கம்,
நகம் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.
"அலை இல்லையே."

எங்கள் மொழியில்
'ன'வின் தலையில் சின்ன அலை போட்டால் 'ஞ'.
திரை செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை.
எனக்கும் புத்தி இல்லை, உரக்கக் கேட்டேன்:
"சொல்லே அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குதா?"

ஓவிதியோ நிமிரவில்லை.
ஸ்டேப்ளரை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தார்.

அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஒரு கைப்பிடி தேறும்.
அந்த வாசலுக்கு வந்துபோகும் பெயர்களில்
ஒன்றே ஒன்று:
செவ்வாயும் வெள்ளியும் கம்பளிப் பொதி இறக்கும்
லாரிக்காரர் ஞாங்குபெல்.

"அலை இல்லாம அடிச்சுடலாமே?"
"அது வேற ஆள்" என்றாள்.
சொன்னது அவள் காதில் விழ
கொஞ்ச நேரமாயிற்று.

அவள் சாவியை நான் தொடவில்லை.
இயந்திரத்துக்கென்று ஒரு புதுப் பயனர்,
அந்தக் கோப்புறையில் எழுத மட்டும் அனுமதி,
யாருக்கும் பிரியமில்லாத
பன்னிரண்டெழுத்துக் கடவுச்சொல்.
முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

சோதனைக்கு ஒரு தாள் கேட்டேன்.
ஓவிதியோ தேடித்தான் எடுத்தார், ஷூ மிதித்த சீட்டை.
இழுத்தது, விழுங்கியது, துப்பியது.
நெலிதாவின் திரையில் தெளிவாக வந்தது:
முந்நூற்றுப் பதினெட்டு கிலோ, முதல் ரகம்,
கீழே மேல்நோக்கிச் சாயும் கையெழுத்து.

"அலையைக் காணோம்."
வற்றிய பேனா விட்டிருந்த அந்த மயிரிழைக் கீற்றைத்
தூசி என்று நினைத்து இயந்திரம் துடைத்திருந்தது.
தூசி நீக்கலை அணைத்தேன்.
மறுபடி வந்தது, அலையோடு,
காபிக் கறையோடு,
முழு ஷூ தடத்தோடு.
அப்படியே இருக்கட்டும் என்றாள்.

பில்லில் மூன்று மணி நேரம் என்று எழுதினேன்.
ஓவிதியோ அடித்துவிட்டு இரண்டுக்குக் கையெழுத்திட்டார்.
"மிச்சம் ஒரு மணி நேரம்
நீயும் எங்களோட வேடிக்கைதானே பார்த்தே."