தொள்ளாயிரம் வெள்ளிக்கு ஓர் ஓசை

மூன்று பேர் பணம் போட்டோம்.
அம்சவள்ளி நானூறு, கவிலன் முந்நூறு,
மீதி நான்.
பீடோரில் டயர் கடைக்குப் பின்னால்
ஆ சூனின் பழைய சாமான் கிடங்கு.
தகரக் கூரையை மழை பிடித்துக்கொண்டது.
"நிற்கட்டும், அப்புறம் தட்டலாம்" என்று
உப்பு தொட்ட கொய்யாத் துண்டுகளை நீட்டினார்.

மழைக்குள்ளேயே சண்டை தொடங்கிவிட்டது.

கவிலனுக்கு உறுமியோடு நிற்கிற கோங் வேண்டும்.
நடுவில் குமிழ், அடித்தால் ஒரே சுரம்.
"மேடையில நின்னு தேடிக்கிட்டிருக்க முடியாதுக்கா."
அம்சவள்ளிக்குக் குமிழ் ஆகாது.
வெள்ளிக்கிழமைதோறும் கிளினிக் மாடியில்
பாய் விரித்துப் படுப்பவர்கள்
கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்டுக்காரிகள்.
அவர்கள்மேல் ஓசை போர்வையாக விழ வேண்டுமாம்,
கல்லாக அல்ல.

எனக்கு?
உட்கார ஒரு தொடக்கம், எழ ஒரு முடிவு,
தியானத்துக்கு அது போதும் என்றேன்.
பொய்.
பன்னிரண்டு வருஷம்
எண்ணெய் ஆலைக் கொதிகலன் பக்கத்தில் நின்றவன்.
இடது காதுக்குள் போன கொசு
இன்னும் வெளியே வரவில்லை.

மழை விட்டது.

முதலில் சீன நாடகக் கோங்.
தட்டினால் சுரம் மேலே வழுக்கி ஏறி
ஏதோ கேட்டுவிட்டு நிற்கும்.
கவிலன் சிரித்தான். மறுபடி தட்டினான்.
மறுபடி சிரித்தான்.

அடுத்தது தட்டையாக, சாப்பாட்டுத் தட்டளவு.
ஒரே தட்டு.
மூவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம்,
பாடை வருகிறதா என்று.
"சேகண்டி" என்றாள் அம்சவள்ளி,
துணி போட்டு மூடினாள்.

உத்தரத்தில் தொங்கியது
ஒரு முழத் தண்டவாளத் துண்டு.
பெரட்டு மணியாம். எந்தத் தோட்டமோ.
ஈப்போ காப்பிக் கடைக்காரர் ஒருவர்
சுவர் அலங்காரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம்.
விலை மட்டும் கேட்டோம்.
யாரும் தொடவில்லை.

கடைசியாக, மூலையில்,
உரமூட்டைகளுக்குப் பின்னால்
முப்பது அங்குலம்.
விளிம்பில் ஒரு நசுங்கல், லாரியிலிருந்து விழுந்தது.
"ஆயிரம். நசுங்கலுக்கு நூறு தள்ளுபடி."

அம்சவள்ளி உடனே அடிக்கவில்லை.
பஞ்சு சுற்றிய கோலால்
சோறு வெந்ததா என்று பார்ப்பதுபோல்
ஓரத்தில், நடுவில், மறுபடி ஓரத்தில்.
செம்பு லேசாக நடுங்கத் தொடங்கிய பிறகுதான்
ஓர் அடி.

என் கையிலிருந்த கொய்யா
என் கையில் இருப்பது மறந்துபோனது.

"ஓசை முடிஞ்சதும் கை தூக்குங்க" என்றாள்.
கவிலன் முதலில் தூக்கினான்.
ஆ சூன், கொட்டாவியோடு.
நெடுநேரம் கழித்து அவளே தூக்கினாள்.
என் கை முழங்காலிலேயே இருந்தது.

கோங் மெலிந்து மெலிந்து
என் கொசுவிடம் வந்து சேர்ந்திருந்தது.
எங்கே கைமாறியது, தெரியவில்லை.
ராத்திரிகளில் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டு
நான் திட்டுகிற அதே சத்தம்
முதல்முறையாக
எதிலிருந்தோ மிஞ்சியதாக இருந்தது.

"இன்னுமாண்ணே?"
இன்னும்.
டயர் கடையில் யாரோ காற்று அடித்தார்கள்.
அதுவும் போனது.
இன்னும்.

"இதுல சுரமே இல்லக்கா,
ஒரு கூட்டமே இருக்கு" என்று முணுமுணுத்து
கவிலன் உறுமியை எடுத்தான்.
வளைகுச்சியால் தோலை ஒரே இழுப்பு.
யாரும் அடிக்காத கோங்
அடிவயிற்றிலிருந்து ஏதோ சொன்னது.
அவன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.
பிறகு, பேரம் பேசாமல்,
சட்டைப் பையிலிருந்து தன் முந்நூறை எண்ணினான்.

மேடைக்கு இது சரிப்படுமா
என்று அவனுக்கு இப்போதும் சந்தேகம்தான்.

வேனின் பின் இருக்கையில்
தார்ப்பாய் சுற்றிப் படுக்கவைத்தோம்.
ஆலை முன்னால் இருக்கும் பள்ளத்தில்
சக்கரம் இறங்கியபோது ஒரு முனகல்.
இன்றிரவு யார் வீட்டில் என்று
பேச்சு தொடங்குவதற்குள்
ஷிப்டு மாறும் சங்கு ஊதியது.

ஊதி முடிந்தது.
தார்ப்பாய்க்குள் முடியவில்லை.

கவிலன் கையைத் தூக்கினான்.
கொஞ்சம் பொறுத்து
கீழே இறக்கிக்கொண்டான்.