ஊடு

கிராம்பு காய்க்க ஏழு வருடம்.
அதுவரை என்ன தின்பது என்று
கிராம்பிடம் யாரும் கேட்பதில்லை.
சௌசிகு கேட்டாள்.

ஊலுகுரு மலைச்சரிவில்
தாய்வழி வந்த முக்கால் ஏக்கர்.
நிற்கிற நிலமில்லை அது,
மழை பெய்தால் ஆற்றோடு இறங்கிவிடப் பார்க்கும் நிலம்.

கணவன் செஃபுவுக்கு
வரிசை பிசகாமல் கிராம்பு மட்டும் வேண்டும்.
"மரம் என்றால் மரம்.
நடுவில் எதற்குக் கொசுறு?"
அவளுக்கு அந்த நடுவில்தான் கண்.
கன்றுக்கும் கன்றுக்கும் இடையே பத்து எட்டு.
பத்து எட்டு மண்ணை
ஏழு வருடம் சும்மா போடுவதா?

நிலம் அவளுடையது.
குரல் அவனுடையது.
மூன்று நாள் அந்த வீட்டில்
அடுப்பு மட்டும் பேசியது.

ஊடு என்றால் தமிழில் நடுவே.
ஊடு என்றால் பிணங்கு என்றும் பொருள்.
இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன,
தமிழ் கேட்டறியாத அந்தச் சரிவில்.

முதல் போகம் முழுக்கத் தப்பு.
கொடிபீன்ஸை மிளகுக்கு ரொம்பப் பக்கத்தில் ஊன்றினாள்;
அது கிளைரிசிடியாக் கம்பில் முந்தி ஏறி
மிளகின் கழுத்தை நெரித்தது.
இஞ்சியைப் பள்ளத்தில் போட்டாள்;
தண்ணீர் கட்டிப் பாதி அழுகியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு தோண்டிப்போட்டான் செஃபு.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லாததுதான் உரக்கக் கேட்டது.

மறு போகம்
பீன்ஸில் குத்துச்செடி ரகம்.
இஞ்சி மேட்டுப்பாத்தியில்,
மேலே உதிர்ந்த இலைப் போர்வை.
ஓரங்களில் கீரை.
மண் இறங்குவதை நிறுத்திக்கொண்டு
வேர்களைப் பிடித்தபடி நின்றது.

கீரைக்கு ஒரு மாதத் தவணை.
பீன்ஸுக்கு எழுபது நாள்.
இஞ்சி ஒன்பது மாதம், பிள்ளை மாதிரி.
மிளகு மூன்று வருடம்.
கிராம்பு, கேட்காதே.
ஒரே மண்ணில் ஐந்து கடிகாரம்;
ஏதாவது ஒன்று
எந்நேரமும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருட ஜனவரியில் கோம்போ வந்தான்,
சட்டைப்பையில் ரப்பர் போட்ட நோட்டுக்கட்டு.
பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.
கொடியில் பச்சையாய் இருக்கும்போதே
மிளகைப் பாதி விலைக்குப் பேசி முடிப்பான்.
அந்த மலையில் பாதி வீட்டு மிளகு
கறுப்பதற்கு முன்பே கைமாறியது இப்படித்தான்.
அவன் வந்திறங்கிய வாடகை மோட்டார் சைக்கிளுக்கு
அங்கே போடா போடா என்று பெயர்.
சத்தியமாக.

மகள் அசுமினிக்கு விடுதிப் பள்ளி கேட்டது
மெத்தை, வாளி, சீருடை இரண்டு,
ஒரு மண்வெட்டியும்.
மெத்தையை இஞ்சி வாங்கியிருந்தது.
சீருடையை பீன்ஸ்.
வாளி, கீரை தந்த சில்லறையில்.
மண்வெட்டி மட்டும் வீட்டுப் பழையது,
பிடி மாற்றியது.

"மிளகு இன்னும் பச்சை" என்றாள் சௌசிகு.
"அதனால்தான் வந்தேன்" என்றான்.
"அதனால்தான் போ" என்றாள்.
வண்டிக்கு அந்தப் பெயர்
அன்றைக்குத்தான் பொருந்தியது.

கொத்தில் ஒன்றிரண்டு சிவந்த பிறகு பறித்தாள்.
பாயில் காய்ந்து, சுருங்கி, கறுத்து,
மொரோகோரோ சந்தைக்குப் போனது.
கோம்போ சொன்னதைப்போல் இரண்டு மடங்கு.
மூன்று மடங்கு என்று எழுத எனக்கும் ஆசைதான்;
தராசு அப்படிச் சொல்லவில்லை.

கிராம்பு இன்னும் இடுப்பளவைத் தாண்டி
யோசித்துக்கொண்டு நிற்கிறது.

இன்று காலை செஃபு
கன்றுகளுக்கு நடுவே எட்டு வைத்து அளக்கிறான்.
"இந்த இடம் ஏன் காலி?"
"நடக்கிற வழி."
"நடக்க இவ்வளவு அகலம் எதற்கு?
ஒரு வரிசை ஏலம் போடலாம்."
"அப்புறம் கூடையோடு நான் பறந்து வருவதா?"

அடுப்பு
மறுபடி தனியாகப் பேச
ஆயத்தமாகிறது.