பாலத்துக்கு முன்னால்

மணி மூன்றரை. தொண்டி தூங்குகிறது.
சட்டையின் முதுகில் மூன்று பை.
இடது பை பஞ்சர் சாமானுக்கு.
மீதி இரண்டில்
அரிச்சல்முனை போய்த் திரும்பும்
இருநூற்று நாற்பது கிலோமீட்டர் பசியை
மடித்து வைக்க வேண்டும்.

ஜெனிட்டா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.
பேரீச்சையைக்கூட நிறுத்துதான் எடுத்து வருவாள்.
பொட்டலம் பொட்டலமாகக் கட்டி
மேலே பேனாவில் நேரம் குறித்திருப்பாள்:
ஏழுக்கு ஒன்று, எட்டேகாலுக்கு ஒன்று,
உப்பு ஒரு சிட்டிகை தனியாக.
பசிக்கிறதா என்று கேட்டால்
கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள்.

சகுபருக்குக் கீழக்கரை.
எந்தக் கேள்விக்கும் தொதல்தான் அவன் பதில்.
கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும்
கிண்டக் கிண்டக் கறுத்துப்போன துண்டு.
தேவிபட்டினம் வருவதற்குள் எண்ணெய் கசிந்து
அவன் இடுப்பில் ஒரு தீவு உண்டாகிவிடும்.
"தொவச்சா போயிரும்" என்பான்.
போனதில்லை.

என்னிடம் எப்போதும் கடலை மிட்டாய்.
நல்லதுதான், ஆனால் நாக்கு வறண்ட நேரத்தில்
அது ஜல்லி.
மென்று விழுங்குவதற்குள்
மூச்சு இரண்டு தப்பிப் போகும்.

அதனால்தான் இந்த முறை அந்த எனர்ஜி பார்.
மதுரையில் சைக்கிள் கடையில் வாங்கியது.
தொண்ணூறு ரூபாய்.
உறையில் ஒருவன் பனிமலை ஏறிக்கொண்டிருந்தான்.
எங்கள் பக்கம் ஏறுவதற்கென்று இருப்பது
ஒரே ஒரு பாலம்.

ராமநாதபுரம் தாண்டித் திரும்பியதும்
கச்சான் காற்று முதுகில் கை வைத்தது.
உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம்,
ஊர்ப் பலகைகள் தாமாக வந்து போயின.
பின்காற்றில் யாருக்கும் பசிக்காது.
கால் சும்மா சுற்றும்,
நாமே பலசாலி என்று தோன்றும்.
ஏழு மணிப் பொட்டலத்தை வேண்டாமென்றேன்.
எட்டேகால் பொட்டலத்தையும்.
ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை,
பொட்டலத்தில் என் பெயரை மட்டும் எழுதி
உள்ளே வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அதே காற்று
முகத்துக்கு நேரே நின்றது.
அக்காள்மடத்தில் தொடை கனத்தது.
பாம்பன் வந்தபோது
நிறுத்திச் சாப்பிட்டிருக்க வேண்டும்.
நிறுத்தவில்லை.
பாலத்தின் நடுவில், ஒரு கை ஹேண்டிலில்,
மறு கையில் அந்த எனர்ஜி பார்.
வியர்வை விரலுக்கு உறை பிரியவில்லை.
பல்லால் கடித்து இழுத்தேன்.
பிரிந்தது.
உறை என் வாயில்.
உள்ளே இருந்தது, வெயிலில் இளகிய சாக்லேட்டோடு,
கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலுக்கு.

கீழே படகில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.
தொண்ணூறு ரூபாய், அண்ணே,
மீனுக்கு.

மண்டபம் தாண்டியதும் கண் மங்கியது.
வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து
மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது.
மற்ற இருவரும் காற்றுக்குக் குனிந்து
தூரத்தில் இரண்டு புள்ளி.
கூப்பிடக் குரல் இல்லை.
வேதாளையில் ஒரு பெட்டிக்கடை.
காலை ஊன்றி நின்றேன், இறங்கவில்லை,
இறங்கினால் ஏற முடியாது.
"என்னம்மா வேணும்?"
சொல்லத் தெரியவில்லை.
கண்ணாடிப் புட்டியைக் காட்டினேன்.

கமர்கட்டு. ஆறு.
கூடவே உப்புக்கடலை ஒரு பொட்டலம்.

ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.
மெல்ல வேண்டியதில்லை, பிரிக்க வேண்டியதில்லை,
மூச்சு தன் பாட்டுக்கு மூக்கில் போய் வந்தது.
கருப்பட்டி கொஞ்சம் கொஞ்சமாக
காலுக்கு இறங்குவது தெரிந்தது.
உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நின்றபோது
நாக்கில் இன்னும் கொட்டைப் பாக்கு அளவு மீதி.

கேட்டுக்கு இந்தப் பக்கம் ஜெனிட்டா
என் பெயர் போட்ட பொட்டலங்களை
நீட்டிக்கொண்டு நின்றாள்.
கன்னம் புடைத்திருந்ததால்
நான் பதில் சொல்லவில்லை.
சகுபர் என் வாயையே பார்த்தான்.
ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

அடுத்த வாரத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்:
கமர்கட்டு பத்து, வலது பையில்.
உப்புக்கடலை நடுப் பையில், வாய் திறந்தபடி.
தொதல் வேண்டுமானால் சகுபரின் இடுப்பில்.
பாம்பன் வந்தால் பசிக்காவிட்டாலும் நில், தின்னு.
பாலத்தின் மேல்
இரண்டு கையும் காற்றுக்கு.