எட்டாம் நாள்

வெள்ளவத்தைக் கடற்கரையில்
கருவி விக்கிய இடமெல்லாம் தோண்டி
ஒன்பது சோடா மூடி, ஒரு சாவி,
பதினொரு சில்லறை.

ஜாம் போத்தலில் தேங்காயெண்ணெய்.
ஏழு நாள் ஊறட்டும் என்றான் நவ்பர்,
அவசரப்பட்டுப் பழப்புளியில் தேய்த்து
ஓர் அரசனின் மூக்கைத் தொலைத்தவன்.

எட்டாம் நாள்
பழைய பிரஷால் மெல்ல, மெல்ல.
பச்சை கழன்றது.
சதுர ஐந்து சதம்.
நெளிந்த விளிம்போடு இரண்டு சதம்.
பிறகு இது:
இலைபோல் மெலிந்து, நீண்டு,
இரு பக்கமும் வழுவழுப்பு.

உப்புத் தின்றதாக்கும் என்று
ஆண்டைத் தேடித்
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
அளுத்கம ரயில் போனது.
போத்தல் நடுங்கியது.

தண்டவாளத்தில் இதை வைத்துவிட்டுக்
காதைப் பொத்தி நின்ற பொடியா,
ரயில் போனபின்
எவ்வளவு நேரம் தேடினாய்?