வாடகை நோட்டு

சாவி காணோம் என்று
நாகமணியிடம் சொன்னது நான்தான்.
சாவி அப்போது என் அரைஞாண் கயிற்றில்
வேட்டி மடிப்புக்குள்
உடம்புச் சூட்டோடு இருந்தது.

சோமனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி
விசைத்தறிச் சத்தம் கொஞ்சம் மட்டுப்படுகிற இடத்தில்
பேரூராட்சி கட்டிய கூடம்.
முகப்பில் பெரிதாக, சமுதாயக் கூடம்.
எந்தச் சமுதாயம் என்று யாரும் எழுதவில்லை.
எழுதாமலே எல்லோரும் படித்திருந்தார்கள்.

நோட்டில் முதல் வரி
கொழந்தசாமி வீட்டுக் காதுகுத்து, ஐந்நூறு.
அப்புறம் நிச்சயதார்த்தங்கள்,
தறிக்காரர்கள் கூலிப் பேச்சு, முறிந்தது, வாடகை பாக்கி,
ஒரு கண் சிகிச்சை முகாம்.

நாகமணி கேட்டது மகள் தெரட்டிக்கு.
பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து
தலையில் நூல் பிசிறோடு மூன்று தடவை வந்தாள்.
முதல் தடவை தேதி இல்லை.
அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கிறார்கள்.
மூன்றாம் தடவை என் இடுப்பைப் பார்த்தாள்.
செரிங்க என்றாள்.
அவ்வளவுதான். செரிங்க.

சாக்கடைமேல் பலகை போட்டு, அவர்கள் வீதியிலேயே சீர் நடந்தது.
பாட்டுச் சத்தம் இங்கே வரை வந்தது.
காலிக் கூடத்தில் உட்கார்ந்து
கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டேன்.

போலியோ சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை
கயிறு எங்கேயோ அறுந்து
சாவி நிஜமாகவே காணாமல் போனது.
நிஜமாகவே காணோம் என்று கத்தினேன்.
பிள்ளையும் கையுமாக நின்றவர்கள் சிரித்தார்கள்.
நர்ஸ் அருள்மேரிக்கு ஐஸ் பெட்டி உருகுகிற கவலை.
யாராச்சும் ஒடைங்கப்பா என்றார்.
சைசிங் மில்லில் பாவு ஓட்டுகிற ஒடிசாக்காரன் திகம்பர்
கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக்
கல்லை எடுத்தான்.
குழந்தை என் இடுப்பில்,
சாவி தொங்கிய அதே பக்கம்.

புதுப் பூட்டுக்கு எஸ்டிமேட் போட்டு
ஒப்புதல் வர நான்கு மாதம்.
கதவு சும்மா சாத்தியிருந்தது.
மின்விசிறி இரண்டு களவு போயிற்று, அதையும் சொல்ல வேண்டும்.
மேடைக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டது.
பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள்
டியூப்லைட் எரிகிற பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.
யார் பக்கத்தில் யார் என்று
பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள், முதல் வாரம்.
கணக்கு கைடு ஒன்றே ஒன்று இருந்தது.
வேறு வழியில்லாமல் நெருங்கினார்கள்.
நாகமணி மகள் கவுசிகா
திகம்பர் பெண்சாதிக்கு பஸ் போர்டு படிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.
ப. ல். ல. ட. ம்.
அந்தப் பெண் 'ல்' வருமிடத்தில் ஒவ்வொரு தடவையும்
புள்ளியை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

பேத்தியைக் கூப்பிட கொழந்தசாமி வந்தார்.
இந்த ஒரு கணக்கு முடிச்சுட்டு வாரனுங்க என்றது பிள்ளை.
கவுசிகா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.
அவர் உட்காரவில்லை.
போகவும் இல்லை.
கணக்கு நீளமாக இருந்தது.

பூட்டு வந்தது, சாவி மூன்று.
ஒன்றை மகளிர் குழுவுக்கென்று நாகமணி
கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.
பழசு கெடச்சுதுங்களா என்றாள்.
இல்லீங்க என்றேன்.
அவளுக்கு முதல் தடவையாக ஒரு 'ங்க'.
பல்லில் மாட்டிய நார் மாதிரி
ராத்திரி வரைக்கும் நாக்கு அதையே தடவிக்கொண்டிருந்தது.

தணிக்கைக்கு முந்தின நாள்
நோட்டைப் புரட்டி
இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதினேன்.
ஆவணி ஒன்பது. நாகமணி மகள் தெரட்டி.
கூடம் தரவில்லை.
சாவி இருந்தது.

தணிக்கைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
அந்த வரிமேல் விரலை வைத்து
இதுக்கு ரசீது எங்கே என்றார்.